வெறும் மேசையும் ஒரு லத்தீன் சொல்லும்

“வியாழன். காலையில் மழை, பிறகு வெயில். ஒட்டுசுட்டான் பஸ். சவரி வீடு. மேசையில் ஒன்றும் இல்லை.”

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். மழை பெய்தால் எப்போது விட்டது என்றும், பஸ் பிந்தினால் ஏன் பிந்தியது என்றும் எழுதிவைக்கிற ஆள் நான். இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்கு அது தெரியும். சென்ற வாரம் நான் சிவப்பு என்று எழுதிய பஸ் உண்மையில் நீலம் என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். (அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.) அப்படிப்பட்டவனுக்கு அன்று வீடு திரும்பிப் பேனாவை எடுத்தபோது அதற்குமேல் கை ஓடவில்லை.

அந்தக் கடைசி வசனத்தைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

மிஞ்சிய சொல்

சவரி என்ற சவரிமுத்து என்னுடன் படித்தவன். ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகும் பாதையில், குளக்கட்டுக்குக் கீழே அவனுடைய வீடும் வயலும் இருக்கின்றன. மாரி முடிந்த கையோடு அவனுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்தன. பேச்சும் போய்விட்டது.

வவுனியா ஆஸ்பத்திரியில் அவன் கிடந்த நாட்களில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். நல்ல கையான இடக்கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. ஊசி கழன்றுவிடாமல் கையைப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறந்து என்னைப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாக இழுத்தபடி ஒரு சொல் சொன்னான்.

“போனுஸ்.”

மருந்து கொண்டுவந்த நேர்ஸ் பிள்ளை சிரித்தார். “ஐயா வந்த நாளிலை இருந்து போனஸ் கேக்கிறார். எங்களுக்கே இன்னும் தரேல்லை.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டது போனஸ் அல்ல. அது அந்தச் சொல்லின் மூத்த வடிவம். போனுஸ் என்றால் லத்தீனில் நல்லது. சம்பளத்துக்கு மேலே கிடைக்கிற நல்லதுக்கும் அந்தப் பெயரையே வைத்து உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள். இவனுக்கு அது எங்கே இருந்து வந்தது என்பது அந்த நோயாளர் விடுதியில் எனக்கு மட்டுமே தெரியும்.

பேச்சுச் சிகிச்சை அளிக்கும் இளம் பெண் ஒருவர் பொறுமையாக விளக்கினார். மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு எல்லாச் சொற்களும் போய் ஒன்று மட்டும் மிஞ்சுமாம். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வாயில் வருமாம். அந்தச் சொல்லை ஆம் என்றோ இல்லை என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது, தலையாட்டுவதையும் நம்பக் கூடாது என்றார். சவரியின் மனைவி பாக்கியமும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கேட்பதற்கு அது சரி. வீட்டுக்குப் போனபின், நாள் முழுவதும் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்க, அதற்கு அர்த்தமே இல்லை என்று எடுத்துக்கொண்டு யாரால் வாழ முடியும்?

திங்கட்கிழமை வாகனம் வரும்

அதற்குப் பிறகு பல மாதங்கள் நான் சவரியைப் பார்க்கப் போகவில்லை. கண்ணில் வெண்புரை எடுத்திருந்தார்கள். தூசிப் பாதையில் பஸ் பயணம் வேண்டாம் என்று வைத்தியர் தடுத்திருந்தார். அந்த வியாழன் அவன் வீட்டுக்குப் போனதற்குக் காரணம் பாக்கியத்தின் தொலைபேசி அழைப்பு.

“அண்ணை, ஞாயிறுக்குள்ளை ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. திங்கள் இவரைக் கொண்டுபோகினம்.”

கொண்டுபோவது செட்டிகுளம் பக்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்கு. ஒழுங்கு செய்தவள் மகள் ஜெயந்தி. அவளைக் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அவள் வவுனியாவில் சின்ன வாடகை வீட்டில் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள். சவரியைத் தூக்கி இருத்தியும் படுத்தியும் பாக்கியத்தின் இடுப்பு நாரி விட்டுப்போயிற்று. பின்வளவுக்கு யானை வந்தால் வெடி கொளுத்தவும் வீட்டில் ஆள் இல்லை. இரண்டு பேரையும் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டி வரும் என்று மகள் பயந்தாள். நியாயமான பயம்.

நான் போனபோது சவரி விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தான். சவரம் செய்து, சலவைச் சாரம் உடுத்தி, பவுடர்கூடப் போட்டிருந்தது. அவனுக்கு முன்னால் ஒரு மேசை. மேசையில் ஒன்றுமே இல்லை. தண்ணீர்ப் பேணி இல்லை, மருந்து இல்லை, பேப்பர் இல்லை. பலகையில் பழைய கோப்பை வட்டங்கள் மட்டும் தெரிந்தன.

“மச்சான்,” என்றேன்.

“போனுஸ்,” என்றான். முகத்தின் பாதி சிரித்தது.

பாக்கியம் குசினியில் இருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். எனக்குக் கையில் தந்தார். அவனுக்குத் தானே பிடித்துப் பருக்கிவிட்டு, மிச்சத்தோடு கோப்பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோனார். மேசையில் வைக்கவில்லை. எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. ஏன் என்று கேட்டேன்.

“வைச்சால் தட்டிக் கொட்டிப்போடுவார் அண்ணை. கை சும்மா இராது. நாங்கள் கதைச்சுக்கொண்டிருக்கேக்கையே எதையாவது தள்ளி விழுத்துவார். எத்தினை கோப்பை உடைஞ்சது தெரியுமே? பிறகு மேசையை வெறுமையாக்கிப்போட்டன்.”

நோயாளிகள் சிலருக்கு அப்படிக் கை அலைவது உண்டு என்று நானும் கேள்விப்பட்டிருந்தேன். தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

இங்கே பாக்கியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவர். முருகன் படத்தையும் மாதா சுருவத்தையும் ஒரே தட்டில் வைத்து ஒரே விளக்கை ஏற்றுகிறவர். சண்டை பிடிக்கவேண்டிய இடத்தில் சத்தமாகவே பிடிப்பார். அன்று அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

இல்லத்துக்குப் போகச் சம்மதமா என்று மகள் முதலில் கேட்டாளாம். பிறகு ஒருநாள், ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தானும் கேட்டாராம். இரண்டு தடவையும் அவன் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

“அதுக்கு அர்த்தமில்லை எண்டு அந்த டொக்டர் பிள்ளை சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குது அண்ணை. எண்டாலும் இவ்வளவு காலமும் நான் சமைச்சதுக்கு இவர் சொன்னதும் அந்தச் சொல்லுத்தானே. என்னை விட்டிட்டுப் போறதுக்கும் அதையே சொல்லிப்போட்டார்.”

கொஞ்சம் பொறுத்து இதையும் சொன்னார். “செட்டிகுளம் எண்டால் அந்தப் பக்கமே தலை வைச்சும் படுக்காத மனிசன். அதுக்கும் போனுஸ் எண்டாரே. அதோடை எனக்கு விட்டுப்போச்சு.”

சவரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய இடக்கை மேசையின் மேல் இருந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து, பலகையில் வைத்து மெல்ல முன்னே தள்ளினான். பிறகு இழுத்தான். மறுபடி தள்ளினான்.

நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு விளங்கவில்லை. விளங்க இன்னும் சற்று நேரம் எடுத்தது. அது வாசகர்களுக்கும் விளங்குவதற்கு நான் ஒரு பழைய சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டும்.

உப்புச் சிரட்டைகள்

நாங்கள் இருவரும் சிறுவயதில் ஒரு கத்தோலிக்கக் குருமடத்தில் இருந்தவர்கள். நாங்கள் குருவாக வேண்டும் என்பது வீட்டார் விருப்பம். எங்களுக்குப் பிடித்தது அங்கே இருந்த கால்பந்துத் திடல். பூசையில் இருந்து லத்தீன் விடைபெற்று அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் அதிபர் சுவாமிக்கு மனம் ஆறவில்லை. கோயிலை விட்டுப் போன மொழியை அவர் சாப்பாட்டு அறையில் கொண்டுவந்து இருத்தினார்.

கிழமையில் ஒருநாள் மத்தியானம், சாப்பிடத் தொடங்குமுன், ஒவ்வொரு பெடியனும் மேசையில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பற்றி லத்தீனில் ஒரு வசனம் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் சோற்றில் கை வைக்கலாம். பசித்த பெடியன்கள் எல்லோரும் கைக்கு இலகுவான ஒரு பெயரடையைப் பிடித்துக்கொண்டோம்.

பானிஸ் போனுஸ் எஸ்ட். பாண் நல்லது. (எங்கள் பாணும் போர்த்துக்கேயர் வழியாக வந்த அந்தப் பானிஸ்தான் என்பதைப் பின்னாளில் வாசித்து அறிந்தேன்.) பிஷிஸ் போனுஸ் எஸ்ட். மீன் நல்லது. லத்தீனில் பெயர் தெரியாதவற்றுக்குத் தமிழையே வைத்தோம். கத்தரிக்காய் போனுஸ் எஸ்ட். புட்டு போனுஸ் எஸ்ட். சுவாமி கண்ணை மூடிக்கொள்வார். தடுக்கமாட்டார்.

ஒரு விதியில் மட்டும் அவர் கண்டிப்பு. மேசையில் இருப்பது ஆண்டவர் தந்தது. அதைக் கூடாது என்று யாரும் சொல்லக் கூடாது. கெட்டது என்பதற்கான லத்தீன் சொல் வகுப்பறையோடு நின்றுவிட வேண்டும்.

ஆனால் கெட்ட சாப்பாடு வரத்தான் செய்தது. வண்டு விழுந்த பயறு வரும். காறல் எண்ணெயில் பொரித்தது வரும். அதற்குப் பெடியன்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னத் தேங்காய்ச் சிரட்டையில் உப்பு இருக்கும். வாயால் போனுஸ் என்று சொல்லும்போதே கையால் அந்தச் சிரட்டையைக் கொஞ்சம் முன்னே தள்ளுவோம். தள்ளினால், நான் சொன்னதை நம்பாதே என்று பொருள். இல்லை, கூடாது, வேண்டாம் எல்லாமே அந்தத் தள்ளலுக்குள் அடங்கும். யார் தொடக்கினார்கள் என்று தெரியாது. நாங்கள் சேர்ந்தபோதே வழக்கத்தில் இருந்தது.

ஒருநாள் நாறிப்போன கருவாட்டுக் குழம்பு வந்தது. பெடியன் பெடியனாக எழுந்து கருவாடு போனுஸ் எஸ்ட் என்று சொல்லச் சொல்ல, சிரட்டைகள் நகர்ந்து நகர்ந்து மேசை நடுவில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. கடைசியாக அதிபர் சுவாமியின் முறை. அவர் அந்த வரிசையை நிதானமாகப் பார்த்தார்.

“கருவாடு போனுஸ் எஸ்ட்,” என்றார். பிறகு தன் உப்புச் சிரட்டையையும் ஒற்றை விரலால் முன்னே தள்ளினார்.

அன்று எங்களுக்குச் சோறும் தேங்காய்ச் சம்பலும் கிடைத்தன.

நாங்கள் இருவரும் குருவாகவில்லை. சவரி வயலுக்குப் போனான். நான் காணிக் கந்தோரில் எழுதுவினைஞன் ஆனேன். அந்தப் பழக்கம் மட்டும் எங்கள் இருவருக்கும் இடையில் நின்றது. கல்யாண வீட்டில் கறி புளித்திருந்தால், அவன் பந்தியில் எனக்கு எதிரே இருந்து “போனுஸ்” என்று பெரிதாகச் சொல்லித் தண்ணீர்க் கோப்பையை முன்னே தள்ளுவான். மாப்பிள்ளை வீட்டார் மகிழ்ந்து இன்னும் ஒரு அகப்பை போடுவார்கள்.

போர் முடிந்து எங்களைச் செட்டிகுளம் முகாமில் வைத்திருந்த காலத்திலும் அப்படித்தான். சமையற் கொட்டிலுக்கு முன்னால் வரிசையில் நின்று, அந்த இடத்திலேயே வாங்குப் பலகையில் வைத்துச் சாப்பிடுவோம். தண்ணீராய் ஓடும் பருப்பு. சவரி ஒரு வாய் வைத்துவிட்டுப் போனுஸ் என்பான். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை என் பக்கமாகத் தள்ளுவான். அந்த நாட்களில் நான் சிரித்த ஒரே விஷயம் அதுவாக இருக்கலாம். அங்கிருந்து வெளியே வந்தபின், மடுவுக்குப் போவதென்றாலும் செட்டிகுளத்தைத் தொடாத பாதையைத்தான் அவன் தேடுவான்.

அவனுடைய வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். பாக்கியத்தின் சமையலுக்கும் போனுஸ் சொல்வான். கை அசையாது. அதனால் பாக்கியத்துக்கு அந்தச் சொல் தெரியும். தள்ளல் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அந்த வீட்டில் ஏற்படவில்லை.

மகளின் போன்

இனி விறாந்தைக்கு வருகிறேன்.

தேத்தண்ணி முடிந்திருந்தது. மழை நீர் இன்னும் தாழ்வாரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. சும்மா ஏதாவது கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன். மகள் விசயத்தைச் சொன்ன அன்று இவன் எங்கே இருந்தான்?

“இதிலைதான் இருந்தவர். பிள்ளை அந்தக் கதிரையிலை. அவளின்ரை போன் மேசையிலை கிடந்தது. அதையும் தள்ளி விழுத்தப் பாத்தார். ‘அப்பா, உடையப்போகுது’ எண்டு பிள்ளை எடுத்துப் பையுக்குள்ளை வைச்சிட்டாள்.”

“எப்ப தள்ளினவன்? அவள் கேக்க முதலோ, பிறகோ?”

“கேட்ட உடனை. போனுஸ் எண்டு சொல்லிக்கொண்டே.”

அவனுடைய கையைப் பார்த்தேன். அந்தக் கை இன்னமும் வெறும் பலகையில் முன்னே போய்க்கொண்டிருந்தது.

“பாக்கியம், நீங்கள் கேட்ட அண்டைக்கு?”

“அண்டைக்கு மேசையிலை ஒண்டுமில்லை. அதுக்கு முதலே எடுத்திட்டன்.”

“அப்ப கையாலை என்ன செய்தவன்?”

அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஏதோ ஒன்றைக் கேட்கிறேன் என்று தெரிந்துவிட்டது.

“மேசையைத் தேய்ச்சவர்,” என்றார். “உள்ளங்கையாலை. முன்னுக்கு முன்னுக்கு. தூசி துடைக்கிறார் எண்டு நினைச்சு நான் துணி கொண்டுவந்து துடைச்சனான்.”

நான் எழுந்துவிட்டேன். பயமாகவும் இருந்தது. நான் நினைப்பது பிழையாக இருந்தால், இந்த அம்மாவுக்கு ஒரு பொய் நம்பிக்கையைக் கொடுத்துவிட்டு வவுனியா பஸ்சில் ஏறிப் போய்விடுவேன். மிச்சத்தை அவர்தான் தாங்க வேண்டும். ஒருமுறை நடந்தால் தற்செயல் என்று சொல்லிவிடலாம். எனவே முதலில் பாக்கியத்துக்கு ஒன்றும் விளக்கவில்லை. ஒரு சிரட்டையில் கொஞ்சம் உப்பு வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய் எடுத்துவந்தார். அதை மேசையில், சவரியின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.

அவனுடைய கை நின்றது.

சிரட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி சிரட்டையைப் பார்த்தான். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று பல நாள் யோசித்தேன். கிணற்றுக்குள் விழுந்தவன் கயிறு இறங்குவதைப் பார்ப்பது போல என்று எழுதி, அது அளவுக்கு மிஞ்சியது என்று வெட்டினேன். இப்போது மறுபடி எழுதியிருக்கிறேன்.

“மச்சான்,” என்றேன், “பானிஸ் போனுஸ் எஸ்ட்?”

“போனுஸ்.” கை அசையவில்லை.

“பிஷிஸ் போனுஸ் எஸ்ட்?”

“போனுஸ்.” கை அசையவில்லை.

“கருவாடு போனுஸ் எஸ்ட்?”

“போனுஸ்,” என்றான் சவரி. அவனுடைய இடக்கை எழுந்தது. ஒற்றை விரலை நீட்டி, எங்கள் அதிபர் சுவாமி செய்தது போலவே, உப்புச் சிரட்டையை மேசையில் முன்னே தள்ளினான். முகத்தின் நல்ல பக்கம் சிரித்தது. கண்ணீர் மற்றப் பக்கத்தாலும் வழிந்தது.

அவர் கேட்ட கேள்வி

பாக்கியத்துக்கு எல்லாவற்றையும் சொன்னேன். குருமடத்தையும் விதியையும் சிரட்டையையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் உடைந்து அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழவில்லை. வாயில் கை வைத்தபடி அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப நான் எடுத்தது கோப்பையை இல்லை,” என்றார் கடைசியில். “அவரின்ரை வாயை.”

கோப்பை உடையாமல் இருக்கவேண்டும், சூட்டுத் தண்ணீர் அவன் மேலே கொட்டக் கூடாது என்ற அக்கறையில் செய்தது அது. அந்த இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன்.

பிறகு அவர் கதிரையை இழுத்து அவனுக்கு நேரே போட்டு இருந்தார். சிரட்டையைப் பழைய இடத்தில் வைத்தார். நான் எழுந்து முற்றத்துக்குப் போகப் பார்த்தேன். “இருங்கோ அண்ணை, சாட்சிக்கு,” என்றார்.

“இஞ்சாருங்கோ. செட்டிகுளத்துக்குப் போறியளோ?”

“போனுஸ்,” என்றான் அவன். சிரட்டையை அவன் தள்ளிய வேகத்தில் அது மேசை விளிம்பைத் தாண்டி விழுந்தது. உப்பு நிலமெல்லாம் சிதறியது. பாக்கியம் குனிய முடியாமல் நாரியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை எடுத்தார். வெறும் சிரட்டையைத் திரும்பவும் மேசையில் வைத்தார்.

“இஞ்சை என்னோடை இருக்கிறியளோ?”

“போனுஸ்.”

கை மடியில் கிடந்தது. நாங்கள் காத்திருந்தோம். தாழ்வாரத்துச் சொட்டு நின்றுவிட்டது. எங்கோ ஒரு உழவு இயந்திரம் போய் மறைந்தது. கை மடியிலேயே கிடந்தது.

“எனக்கு நாரி ஏலாது எண்டு தெரியும்தானே? விழுத்திப்போடுவன். பரவாயில்லையோ?”

“போனுஸ்.” கை அசையவில்லை. தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தது பாக்கியம்தான். பேச்சு நீளவில்லை. அப்பா வரமாட்டாராம் என்றார். எப்படித் தெரியும் என்று மறுமுனையில் ஜெயந்தி கேட்டிருக்க வேண்டும். “உன்ரை போனைத் தள்ளினதுதான் பிள்ளை, அவரின்ரை பதில்,” என்றார் பாக்கியம். தொலைபேசியைக் காதில் வைத்தபடியே இருந்தார். மறுமுனையில் அழும் சத்தம் எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை வாகனம் வரவில்லை. ஜெயந்தி வந்தாள். அயலில் இருக்கும் ஒருவர் காலையிலும் பின்னேரமும் வந்து சவரியைத் தூக்கி இருத்த ஒத்துக்கொண்டிருக்கிறார். இது எவ்வளவு காலத்துக்கு ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பாக்கியத்தின் நாரி மாறவில்லை. யானையும் வருகிறது. ஆனால் மேசையில் இப்போது ஒரு சிரட்டை இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அந்த இளம் பெண்ணுக்கும் ஜெயந்தி விசயத்தைச் சொல்லியிருக்கிறாள். வந்து பார்க்கிறேன் என்று அவர் சொன்னாராம்.

விழுந்த கோப்பைகள்

அடுத்த முறை நான் போனபோது, பாக்கியம் பழைய நாட்களை எல்லாம் கிளறிக்கொண்டிருந்தார். உடைந்த ஒவ்வொரு கோப்பையும் இப்போது அவருக்கு ஒரு பதிலாக இருந்தது. கொட்டிய தேத்தண்ணி, சீனி போடாத தேத்தண்ணி. உருண்டு போன குளிசைப் போத்தல், வயிற்றைப் புரட்டுகிற அந்தச் சிவப்புக் குளிசை. ஒருநாள் சொந்தக்காரர் ஒருவர் வந்து, சவரி முன்பைவிட நல்லாத் தேறிவிட்டான் என்று புகழ்ந்தபோது அவருடைய மடியிலேயே பழத்தட்டைத் தள்ளியது. அதைச் சொல்லும்போது இருவரும் சிரித்தோம். சவரியும் சிரித்தான்.

அவன் கண்ணயர்ந்த பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். ஒன்று மிஞ்சியிருக்கிறது என்றார்.

வவுனியா ஆஸ்பத்திரியில் முதல் நாள். அவன் கண் திறந்ததும், பாக்கியம் கட்டிலில் குனிந்து அவனிடம் சொன்னாராம்: “ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. எல்லாம் சுகமாகி வரும்.” அவன் போனுஸ் என்றானாம். நோய்க்குப் பின் அவன் வாயில் வந்த முதல் சொல் அதுதான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பாக்கியம் அத்தனை மாதங்களையும் கடந்தார். அந்த நேரத்தில் கட்டில் பக்கத்து மேசையில் இருந்த பிளாஸ்டிக் கோப்பை நிலத்தில் விழுந்ததாம். தான் குனிந்தபோது சேலை முந்தானை பட்டு விழுந்திருக்கும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தாராம்.

சேலைன் ஊசி அப்போது கையில் ஏறிவிட்டதா, கை கட்டப்பட்டிருந்ததா என்று கேட்டேன். அவருக்கு ஞாபகம் இல்லை. கோப்பையைப் பொறுக்கித் தந்தவர் அடுத்த கட்டிலில் இருந்த நோயாளி. செட்டிகுளம் பக்கத்து ஆள் என்று மட்டும் தெரியும், பெயர் தெரியாது. இரண்டு பேரிடம் விசாரித்தேன். இதுவரை அகப்படவில்லை.

அருகிலேயே ஆள் இருக்கிறான், எழும்பியதும் அவனிடமே கேட்கலாமே என்றேன். சிரட்டையும் இருக்கிறது.

பாக்கியம் நித்திரை கொள்ளும் அவனைப் பார்த்தார்.

“வேண்டாம் அண்ணை. அதை மட்டும் கேக்கவேண்டாம்.”

எனவே நான் கேட்கவில்லை. அந்தக் கோப்பை முந்தானை பட்டு விழுந்ததா, தள்ளப்பட்டதா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.